திரும்பிப் போன தாம்பூலம்

ராயக்கோட்டை தக்காளி மண்டியில் சென்னகிருஷ்ணன் ஒரு விலைக்குத் தலையாட்டிவிட்டார் என்றால் வியாபாரிகள் அதற்குமேல் கவலைப்பட மாட்டார்கள். வானமே இடிந்து விழுந்தாலும் மனுஷர் பேச்சு மாறமாட்டார். ஒரு வருஷம் பெங்களூர் வியாபாரி ஒருவரிடம் போனிலேயே விலை பேசி முடித்தார். விடிந்து பார்த்தால் விலை இரண்டு மடங்கு ஏறிக் கிடந்தது. மற்றவர்களெல்லாம் பேசிய பேச்சை மறந்துவிட்டு லோடை வேறு ஆளுக்குத் தள்ளிக்கொண்டிருக்க, இவர் மட்டும் பழைய விலைக்கே தக்காளிப் பெட்டிகளை ஏற்றி அனுப்பினார். அன்று முதல் அந்தப் பெங்களூர்க்காரர் இவரை "யஜமானரே" என்றுதான் கூப்பிடுகிறார். மனைவி முனிலட்சுமி அந்த வருஷம் முழுக்க இவரை என்னவென்று கூப்பிட்டாள் என்பதை இங்கே எழுத முடியாது.

வாக்கு விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் அதைச் சொல்லிப் புகழ்ந்தால் மீசையைத் தடவிக்கொள்வார். அந்த மீசையைத்தான் ஹரீஷ்குமார் சரியாகப் பிடித்தான்.

ஹரீஷ்குமார் ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் அட்மிஷன் ஆபீசர். நெடுஞ்சாலையோரம் கண்ணாடி மினுங்க நிற்கும் கட்டடங்களில் அது ஒன்று. பேர் நமக்கு எதற்கு. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் இந்த மாதிரி ஆட்கள் கார் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிடுவார்கள். ஒருத்தன் பிள்ளைக்குப் பை கொடுப்பான், ஒருத்தன் சுவர்க்கடிகாரம் கொடுப்பான். ஹரீஷ்குமார் கெலமங்கலத்துப் பையன். இந்தப் பக்கத்துச் சம்சாரிகளை உள்ளும் புறமும் அறிந்தவன். நிச்சயதாம்பூலத் தட்டைக் கையில் வாங்கிய குடும்பம் லேசில் பின்வாங்காது என்பது அவனுக்குத் தெரியும். அதை அப்படியே அட்மிஷனுக்குக் கொண்டுவந்துவிட்டான். பித்தளைத் தட்டு, வெற்றிலை பாக்கு, தேங்காய், வாழைப்பழம், மஞ்சள் குங்குமம், மேலே ஒரு முழம் மல்லிகை, அதற்கும் மேலே பளபளக்கும் கல்லூரிப் புத்தகம். கூடவே பட்டுப்புடவை கட்டிய இரண்டு டீச்சரம்மாக்கள். அவர்கள் பாவம், பாடம் நடத்த வந்தவர்கள்.

கார் வந்து நின்ற நேரம் வீட்டில் சென்னகிருஷ்ணன் மட்டும்தான் இருந்தார். முனிலட்சுமி தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாள். மகள் ரேவதி அரசுப் பெண்கள் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவள். கணக்கில் பள்ளிக்கே முதல். கவுன்சிலிங் விண்ணப்பத்தைப் பள்ளிக் கம்ப்யூட்டரிலேயே போட்டுவிடலாம் வாருங்கள் என்று இயற்பியல் டீச்சர் தமிழ்செல்வி பிள்ளைகளைக் கூப்பிட்டிருந்ததால் அவளும் அங்கே போய்விட்டாள்.

ஹரீஷ்குமார் உட்கார்ந்ததும் முதல் வேலையாக உறவு கண்டுபிடித்தான். முனிலட்சுமியின் சித்தியைக் கெலமங்கலத்தில்தானே கொடுத்திருக்கிறது, அப்படியென்றால் நீங்கள் எனக்கு மாமா முறை என்றான். பிறகு மண்டியில் இவர் பேர் எப்படிப்பட்ட பேர் என்று எடுத்துச் சொன்னான். பெங்களூர் லோடு கதைகூட அவனுக்குத் தெரிந்திருந்தது. ரேவதி மார்க்குக்குப் பாதிக் கட்டணம் சலுகை, பஸ் வாசலுக்கே வரும், எங்கள் வீட்டுக்கே பெண்ணைக் கொடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள் மாமா என்று சொல்லிக்கொண்டே தட்டோடு எழுந்து நின்றான்.

தட்டை நீட்டி ஒருவன் நிற்கும்போது என்ன செய்வது? சென்னகிருஷ்ணன் கைகால் கழுவினார், சட்டை போட்டார், கிழக்கே பார்த்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்கினால் பதிலுக்கு ஏதாவது கொடுப்பதுதானே முறை. சாமிப்படத்துப் பக்கத்து அலமாரியில் இருந்த ரேவதியின் பிளாஸ்டிக் ஃபைலை எடுத்துக் கொடுத்தார். மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், எல்லாம் ஒரிஜினல். தக்காளிப் பணத்தில் கொஞ்சம் அட்வான்ஸும் கொடுத்தார்.

முனிலட்சுமி தோட்டத்திலிருந்து வந்து சாமிமாடத்தில் இருந்த தட்டைப் பார்த்தாள். யாருக்கு நிச்சயம் என்று கேட்டாள். நம்ம ரேவதிக்குத்தான் என்றார். மாப்பிள்ளை யார் என்றாள். காலேஜ் என்றார். ஒரு கணம் சிரித்துவிட்டாள். பிறகுதான் அலமாரியில் ஃபைல் இல்லாததைக் கவனித்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

ரேவதி சாயங்காலம் வந்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். அவளுடைய சான்றிதழ்களைத் தமிழ்செல்வி டீச்சர் முன்பே போனில் படம் எடுத்து வைத்திருந்ததால் விண்ணப்பம் அன்றைக்கே போய்ச் சேர்ந்திருந்தது. நான் போட்டுவிட்டேன், வந்தால் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாள். சென்னகிருஷ்ணனும் அதோடு விட்டுவிட்டார். இந்தத் தெருவிலிருந்து யார் மெட்ராஸில் இன்ஜினியரிங் படித்தார்கள், எங்கே வரப்போகிறது என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. சோம்பேறித்தனமான நினைப்பு.

வந்தது. ஆடி பிறந்த சமயம் ஒதுக்கீட்டு ஆணை போனிலேயே வந்து இறங்கியது. அண்ணா பல்கலைக்கழகம், கிண்டி வளாகம், எலக்ட்ரானிக்ஸ். தமிழ்செல்வி டீச்சர் ஸ்கூட்டியில் வீட்டுக்கே ஓடிவந்தார். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்ததால் அந்தப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் கிடைத்த இடம் இது, படிப்புக் கட்டணம், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாமே அரசாங்கம் பார்த்துக்கொள்ளும், பெண்பிள்ளைகளுக்கு மாதாமாதம் கைச்செலவுக்கு ஆயிரம் ரூபாய் வேறு வரும் என்று மூச்சு வாங்கச் சொன்னார்.

"சோறுமா?" என்றாள் முனிலட்சுமி.

"சோறுந்தாங்க."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஹாஸ்டல் சோறா, மூணு வேளையுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். டீச்சரும் சலிக்காமல் ஆமாம் என்றார். ஹரீஷ்குமார் சொன்ன பாதிக் கட்டணத்துக்கே தோட்டத்தைப் பேங்கில் வைக்க வேண்டியிருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தவள் அவள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். சென்னகிருஷ்ணனுக்கும் நெஞ்சு விம்மியது. பெற்றவர்களால் முடியாததை முகம் தெரியாத ஏதோ ஒரு சர்க்கார் ஆபீஸ் செய்கிறதே என்று தோன்றியது. அப்போதுதான் டீச்சர் சொன்னார், ஒரு வாரத்துக்குள் ஒரிஜினல்களோடு சென்னையில் போய் ஆஜராக வேண்டும், இல்லையென்றால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும் என்று. சென்னகிருஷ்ணனின் கண் தன்னையறியாமல் அலமாரிப் பக்கம் போனது.

உடனே ஹரீஷ்குமாருக்குப் போன் போட்டார். அவன் குரலில் தேன் வழிந்தது. ரொம்ப சந்தோஷம் மாமா என்றான். ஆனால் சீட்டை எழுதியாகிவிட்டது, கேன்சல் செய்தால் நாலு வருஷக் கட்டணத்தையும் கட்டிவிட்டுத்தான் ஃபைலை எடுக்க முடியும், அது நிர்வாகத்து ரூல், நான் என்ன செய்ய என்றான்.

"அந்தப் பேச்சே வராதுன்னு எங்க சேர்மன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன் மாமா. சென்னகிருஷ்ணன் மாமா வாக்கு மாறமாட்டாருன்னு."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அன்று சாயங்காலம் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தமிழ்செல்வி டீச்சர் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாம் என்றார். நடவடிக்கை கட்டாயம் வரும், ஆனால் அதற்குள் சென்னைக் கெடு முடிந்துவிடுமே என்று அவரே கையைப் பிசைந்தார். சென்னகிருஷ்ணன் சுவரில் சாய்ந்தபடி, குடுத்த வாக்கு ஒண்ணு இருக்குதில்ல என்று முணுமுணுத்தார். தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுதான். ஆனால் ரேவதி காதில் விழுந்துவிட்டது.

"பொண்ணு பாக்க வந்தாகூட பொண்ண ஒரு வார்த்த கேப்பாங்கப்பா," என்றாள். "என்ன யாரும் கேக்கல."

குரலை உயர்த்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் அப்பாவோடு பேசவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றுகூட அம்மா மூலமாகத்தான் கேட்டாள்.

முனிலட்சுமி விடியற்காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து அவர் எதிரில் நின்றாள். திட்டு வாங்க அவர் தயாராகத்தான் இருந்தார். திட்டு வரவில்லை, ஒரு கேள்விதான் வந்தது.

"அன்னிக்கு நீங்க வாங்குனது தாம்பூலமா, இல்ல அட்வான்ஸ் ரசீதா?"

"தாம்பூலந்தான்."

"அப்ப தாம்பூலமாவே திருப்பிக் குடுத்துடுவோம். எந்திரிங்க."

ஒரு நிமிஷம் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் எழுந்துவிட்டார். நிச்சயம் ஒத்துவராமல் போனால் அதற்கும் இந்தப் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. வாக்கு மாறுகிறவர்கள், வாங்கிய தட்டை அதே வரிசையோடு, ஒரு பங்கு கூடுதலாக வைத்து, நாலு பேர் பார்க்கத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எதிர்த்தரப்பு வீட்டார் தட்டை வாங்கிக்கொண்டு தாங்கள் வாங்கியதைத் திருப்பித் தந்துவிட வேண்டும். அதற்கப்புறம் இருவரும் ஒருவரையொருவர் ஒரு கெட்ட வார்த்தை சொல்லக் கூடாது. சென்னகிருஷ்ணனின் தங்கை சம்பங்கிக்கே முதல் நிச்சயம் இப்படித்தான் முறிந்தது. வாக்கு, வாக்கு என்று இத்தனை வருஷம் மார்தட்டியவருக்கு, வாக்கை மரியாதையாகத் திருப்பி வாங்கவும் ஒரு வழி இருப்பது மறந்தே போயிருந்தது. மனைவிக்கு மறக்கவில்லை.

சம்பங்கிக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவள் கேள்வியே கேட்காமல் கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரி பட்டு கட்டிக்கொண்டு வந்து நின்றாள். ரேவதியும் கிளம்பினாள்; தெருவிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். தட்டைத் துணிபோட்டு மூடி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தார்கள். யார் வீட்டு விசேஷம் என்று கண்டக்டர் கேட்டார். காலேஜு வீட்டு விசேஷம் என்றாள் முனிலட்சுமி. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

கல்லூரி ஆபீஸ் குளுகுளுவென்று இருந்தது. ஹால் முழுக்கப் பெற்றோர்கள். ஆனேக்கல் பக்கத்திலிருந்து வந்து கன்னடம் பேசுகிறவர்கள், தெலுங்கு பேசும் தளி ஊர்க்காரர்கள், ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடித்து யூனிஃபார்மோடே வந்திருந்த அப்பாக்கள். நடுவில் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் ஹரீஷ்குமார். பட்டுப்புடவைகளையும் தட்டையும் பார்த்ததும் மரியாதை செய்ய வந்திருக்கிறார்கள் என்று நினைத்து முகமெல்லாம் பல்லாக எழுந்தான். வாங்க அத்தை, உக்காருங்க என்றான்.

முனிலட்சுமி உட்காரவில்லை. தட்டை அவன் மேஜைமேல் வைத்தாள். சம்பங்கி துணியை விலக்கினாள். வெற்றிலை, பாக்கு, பழம், பூ, ஒரு தேங்காய்க்கு இரண்டு தேங்காய். வைத்துவிட்டு இருவரும் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார்கள். வாங்கிய கைதான் திருப்ப வேண்டும். பெண்கள் செய்ய வேண்டியது அதோடு முடிந்தது. ஹாலில் இருந்தவர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எத்தனை பாஷை பேசினாலும் திரும்பி வந்த தட்டு எல்லோருக்கும் தெரிந்ததுதான். பேச்சு மெல்ல அடங்கியது.

சென்னகிருஷ்ணன் மேஜை முன்னால் வந்து நின்றார். மண்டி ஞாபகம் வந்தது. யஜமானரே என்ற குரல் ஞாபகம் வந்தது. இந்த வாயால் இதுவரை ஒரு பேச்சை மாற்றியதில்லை; மாற்றுவதும் இத்தனை பேர் எதிரிலா? பக்கத்தில் ரேவதி நின்றாள். அவள் அவரைப் பார்க்கவில்லை, மேஜைக்குப் பின்னால் இருந்த இரும்பு பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிவிடலாமா என்றுகூட அவருக்கு ஒரு கணம் தோன்றியது உண்மை.

ஹரீஷ்குமார் குனிந்து மெதுவாக, "மாமா, உள்ள ரூமுக்கு வாங்க, பேசிக்கலாம்" என்றான்.

அந்த ஒரு வார்த்தையில் அவருக்கு எல்லாம் தெளிந்துவிட்டது. தாம்பூலத்தை நாலு பேர் அறியத்தானே கொடுப்பார்கள், வாங்குவார்கள்? ரூமுக்குள் கூப்பிடுகிறவன் கொடுத்தது தாம்பூலமே இல்லை. வெற்றிலையைப் போட்டு மூடிய வலை. தன் வாக்கை மதித்து இவன் வரவில்லை, அதை வைத்துக் கட்டிப்போடத்தான் வந்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"உள்ள எதுக்குத் தம்பி?" என்றார். குரல் அவரே எதிர்பார்க்காத அளவுக்குக் கணீரென்று வந்தது. "வாக்குக் குடுத்தது நான். எம் பொண்ணு குடுக்கல, அவள நான் கேக்கவும் இல்ல. அவளுக்கு மெட்ராஸ்ல கவுர்மென்ட்டு சீட்டு வந்திருக்குது. அவ அங்கதான் படிப்பா. நான் வாக்கு மாறுறேன், பழி எம்மேலயே இருக்கட்டும். தட்ட வாங்கிக்க. எம் பொண்ணு சர்டிபிகேட்டக் குடு."

தட்டை இரண்டு கையாலும் எடுத்து நீட்டியபடி நின்றார்.  இறக்கவில்லை.

ஹரீஷ்குமார் ரூல் என்று ஏதோ ஆரம்பித்தான். அதற்குள் பின்வரிசையில் இருந்து நீலச்சட்டைக்காரர் ஒருவர் எழுந்தார். பேர் பரமசிவம் என்று பின்னால் தெரிந்தது. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஓசூரில் கம்பெனி வேலையில் இருப்பவர்.

"ஏம் தம்பி, ஒரிஜினல வாங்கி வச்சிக்கிட்டுத் திருப்பித் தரமாட்டீகளா?" என்றார். "எம் மவனோடதும் ஒங்ககிட்டதான இருக்கு?"

அவ்வளவுதான். ஒரு அம்மா தெலுங்கில் தன் மகளுடையதைக் கேட்டாள். இன்னொரு அம்மா கன்னடத்தில் ஏதோ சொல்லிப் புருஷனை இடித்து எழுப்பினாள். போன்கள் மேலே எழுந்தன. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து நிர்வாக மேனேஜர் அருணா வெளியே வந்தார். கெட்டிக்காரர். நீட்டிய தட்டையும் எழுந்து நிற்கும் கூட்டத்தையும் ஒரு பார்வை பார்த்தார். ஹாலில் இருக்கும் அத்தனை அட்மிஷனும் இந்த ஒரு ஃபைலோடு வெளியே நடந்துவிடும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குடுத்துடுங்க என்று ஹரீஷ்குமாரிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பீரோ திறந்தது. ரேவதி ஃபைலை வாங்கி ஒவ்வொரு தாளாகப் பார்த்து, எல்லாம் இருக்கு என்று அம்மாவிடம் தலையசைத்தாள். தட்டை வாங்காமல் நிற்க ஹரீஷ்குமாருக்கு வழியில்லை. வாங்கிக்கொண்டான். அட்வான்ஸைப் பற்றி இவர்களும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. முனிலட்சுமி அவனைப் பார்த்து, "நல்லா இருப்பா. மொறப்படி முடிஞ்சுபோச்சு" என்றாள். உண்மையாகவே வாழ்த்தினாள். அதுதான் அவனுக்கு அதிகமாக வலித்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர்கள் வாசலைத் தாண்டும்போது மேஜை முன்னால் பரமசிவத்தின் தலைமையில் ஒரு வரிசை நின்றுகொண்டிருந்தது.

வாக்கு மாறினால் உயிரே போய்விடும் என்று நினைத்திருந்தார் சென்னகிருஷ்ணன். பசிதான் எடுத்தது. பஸ் ஸ்டாண்டில் நாலு போண்டா சாப்பிட்டார். திரும்பும் வழியெல்லாம் முன் சீட்டில் ஜன்னலில் தலை சாய்த்து வாய் திறந்து தூங்கும் மனைவியையே பார்த்துக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவள். கத்தவில்லை, யார் காலிலும் விழவில்லை, யாரையும் ஒரு வார்த்தை வையவில்லை. ஹரீஷ்குமார் வந்த வழியிலேயே அவனைத் திருப்பி அனுப்பிவிட்டாள். இவ்வளவு நாள் இவளை வாயாடி என்றல்லவா நினைத்தோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது, எழுப்பிச் சொல்லத்தான் கூச்சம்.

கெடுவுக்கு முன்னாலேயே மூவரும் சென்னை போய்ச் சேர்ந்தார்கள். பல்கலைக்கழக வாசலில் எல்லா மாவட்டத்துத் தமிழும் கேட்டது. செருப்புத் தேய்ந்தவர்களும் கார் வைத்திருப்பவர்களும் ஒரே வரிசையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றார்கள். யாரும் யாருக்கும் மாமா முறை ஆகவில்லை. சீனியர் பிள்ளைகள் சிலர் எந்த அறை, எந்தக் கவுன்டர் என்று வழிகாட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய சிவப்புக் கட்டடத்தையும் அதைச் சுற்றியிருந்த பெரிய மரங்களையும் அண்ணாந்து பார்த்த சென்னகிருஷ்ணன், கோயிலுக்குள் போகிறவர் மாதிரி துண்டைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் வைத்துக்கொண்டார். இத்தனை பெரிய இடத்தில் தன் மகளுக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள் என்பதை அவரால் இன்னும் முழுசாக நம்ப முடியவில்லை.

கவுன்டரில் இருந்த அம்மா ரேவதியின் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, கம்ப்யூட்டரில் ஏதோ தட்டி, நிமிர்ந்தார். கட்டணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை என்றார். ஹாஸ்டலுக்கு எங்கே போக வேண்டும் என்று சொன்னார். டி.சி.யை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் பழையபடி ஃபைலில் அடுக்கி, கவுன்டருக்கு வெளியே நீட்டினார்.

"பாத்தாச்சுங்க. இதெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும். எங்களுக்கு வேணாம்."

சென்னகிருஷ்ணன் நீட்டிய ஃபைலையே பார்த்தார். மார்க் ஷீட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளாமலேயே ஒரு காலேஜ் தன் மகளை நம்புகிறது. பழக்கதோஷத்தில் கை ஃபைலை நோக்கி நீண்டது. பாதியில் இழுத்துக்கொண்டு விலகி நின்றார்.

"அவகிட்டயே குடுங்கம்மா," என்றார். "அவளுது."

ரேவதி வாங்கிக்கொண்டாள். ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"வாப்பா," என்றாள். "ஹாஸ்டல் எங்க இருக்குதுன்னு பாத்துட்டு வரலாம்."